ஓய்வுக்கு ஏற்ற ஊர்: தட்பவெப்பம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பணி ஓய்வுக்கு இன்னும் நான்கைந்து ஆண்டுகள் இருக்கும்போதே தலைநகர்த் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. "இனி எங்கே போய் இருப்பது?" என்பதே அது. தில்லியின் மே, ஜூன் வெயில் 45 டிகிரி செண்டிகிரேடை எட்டுகிறது. சனவரியில் அதே ஊரில் 4 டிகிரிக்கு இறங்குகிறது. தீபாவளியை ஒட்டித் தொடங்கும் புகைமூட்டம் ஆஸ்துமாக்காரர்களைப் படுத்தி வைக்கிறது. சென்னைக்குப் போகலாம் என்றால் வியர்வையும் வீட்டு விலையும் தயங்க வைக்கின்றன. ஆகவே நம்மவர்களில் பலர், "குளுகுளுவென்று ஒரு சின்ன ஊராகப் பார்த்துப் போய்விடலாம்" என்ற முடிவுக்கு வருகிறார்கள். குன்னூர், கோத்தகிரி, ஏற்காடு, கொடைக்கானல் ஆகிய பெயர்கள் அடிபடுகின்றன. வடக்கிலேயே தங்க விரும்புவோர் டேராடூன், சோலன், பாலம்பூர் என்கிறார்கள்.

ஆசை நியாயமானதே. ஆனால் "எங்கே குளிர்ச்சி?" என்று கேட்பதைக் காட்டிலும் "எந்த ஊரில், எந்த மாதத்திலும், கடுமை இல்லை?" என்று கேட்பதே சரியான முறை. அதிலும் அறுபது வயதில் நன்றாக நடமாடும் இன்றைய நமக்காக மட்டும் கேட்டால் போதாது. பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து அந்த வீட்டில் தனியே இருக்கப் போகும் ஒருவருக்காகவும் கேட்க வேண்டும். இவ்விரண்டையும் மனத்தில் வைத்து ஓர் ஊரை ஆராய்வது எப்படி என்று படிப்படியாகக் காண்போம்.

1. ஆறு பொழுதும் பார்க்க வேண்டும்

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய பொழுதையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சி நிலத்திற்குக் கூதிரும் முன்பனியும் உரியவை. மலையின் இயல்பைக் குளிர்ந்த மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும்தான் காண முடியும் என்று நாம் இதற்குப் பொருள் கொள்ளலாம்.

நாம் மலையூர்களைப் பார்ப்பது பெரும்பாலும் பள்ளி விடுமுறையான மே மாதத்தில். அப்போது கொடைக்கானலில் பகல் வெப்பம் 21, 22 டிகிரி அளவில் இருக்கும். தில்லியிலிருந்து சென்றவருக்கு அது சொர்க்கமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அதே ஊரில் ஐப்பசியில் பத்து நாள் விடாத மழையில், துணி காயாமல், சுவரில் பூஞ்சை படர்ந்து, மூடுபனியில் எதிர் வீடு தெரியாமல் இருந்து பார்த்தவர் எத்தனை பேர்? ஓர் ஊரின் மிக நல்ல மாதத்தை வைத்து எடை போடக் கூடாது. மிகக் கடினமான மாதத்தை வைத்தே எடை போட வேண்டும். இது முதல் விதி.

2. உயரத்தின் கணக்கு

கடல் மட்டத்திலிருந்து மேலே போகப் போக வெப்பம் குறைகிறது. சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி, அதாவது ஆயிரம் அடிக்குச் சுமார் இரண்டு டிகிரி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சில ஊர்களின் உயரம் ஏறக்குறைய இவ்வாறு அமையும்:

உதகமண்டலம் – 7,350 அடி
கொடைக்கானல் – 7,000 அடி
குன்னூர் – 6,000 அடி
கோத்தகிரி – 5,900 அடி
ஏற்காடு – 5,000 அடி
சோலன் – 5,000 அடி
பாலம்பூர் – 4,000 அடி
வால்பாறை – 3,500 அடி
டேராடூன் – 2,100 அடி
கோயம்புத்தூர் – 1,350 அடி
பொள்ளாச்சி – 950 அடி
தில்லி – 700 அடி
தென்காசி – 500 அடி

இந்தக் கணக்குப்படி ஏற்காடு, அடிவாரத்திலுள்ள சேலத்தைவிட எட்டு டிகிரி குறைவாக இருக்க வேண்டும். ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. குன்னூரில் சமவெளியைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவு. கோடையில் இது வரம். ஆனால் இந்தக் கழித்தல் சனவரியிலும் நடக்கும் என்பதை மறக்கலாகாது. உதகையில் சனவரி இரவுகளில் 5 டிகிரிக்கு இறங்குவது வழக்கம். பள்ளமான இடங்களில் உறைபனி கொட்டிப் புல் வெளுத்துக் கிடக்கும்.

"தில்லிக் குளிரைத் தாங்கிய எங்களுக்கு இது எம்மாத்திரம்?" என்று கேட்கலாம். தில்லிக் குளிர் இரண்டு மாதக் குளிர். பெரும்பாலான நாட்களில் நண்பகலில் வெயில் வரும். மொட்டை மாடியில் பாய் விரித்து ஆரஞ்சுப் பழம் உரிக்கலாம். நீலகிரியிலோ மழை மாதங்களில் நாள் முழுவதும் ஈரம் கலந்த குளிர். சிறிய செய்திதான், ஆனால் இல்லத்தரசிகளுக்குப் புரியும்: தில்லியில் சனவரியில் இட்லி மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைக்கிறோமே, அங்கே ஆண்டில் பெரும்பகுதி அப்படித்தான் வைக்க வேண்டியிருக்கும்.

3. மழையும் காற்றும்

உயரம் ஒன்றே ஊரின் தன்மையைத் தீர்மானிப்பதில்லை. மலையின் எந்தப் பக்கம் ஊர் இருக்கிறது என்பதும் முக்கியம். நீலகிரி மாவட்டத்தின் மேற்கிலுள்ள கூடலூர், தேவாலா பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிழக்குச் சரிவிலுள்ள குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையே பெரிது. ஒரே மாவட்டத்தில் இரண்டு வேறு நாட்காட்டிகள்! வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று.

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் அறுபட்டிருக்கிறது. சுமார் முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள அந்த இடைவெளி வழியே ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்ந்த காற்று பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டைப் பக்கம் வீசுகிறது. தெற்கே ஆரியங்காவு, செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றும் சாரலும் தென்காசியையும் குற்றாலத்தையும் குளிர்விக்கின்றன. அதாவது, தில்லியில் புழுக்கம் உச்சத்தில் இருக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் இந்த அடிவார ஊர்களில் வெயில் தணிந்துவிடுகிறது. மார்ச் முதல் மே வரை வெப்பம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடுமை மூன்று மாதம் மட்டுமே. குளிரால் துன்பம் என்பது அறவே இல்லை.

மழைக்கு மற்றொரு முகமும் உண்டு. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் மண்சரிவு ஏற்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். குன்னூர்ச் சாலையும் மலை ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. 2018இல் குடகிலும், 2024 சூலை 30 அன்று வயநாட்டிலும், 2023 மழைக்காலத்தில் இமாசலப் பிரதேசத்திலும் நிகழ்ந்தவை நாம் அறிந்தவையே. மலையில் மனை வாங்குவோர் காட்சி அழகைப் பார்க்குமுன் சரிவையும், நீர் வடியும் ஓடையையும், மேலே மண் வெட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மழை மிகுந்த ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வராது என்று எண்ணவும் கூடாது. சரிவில் பெய்யும் நீர் தங்காமல் ஓடிவிடும். 2018 மே மாதத்தில் சிம்லா நகரம் குடிநீருக்குத் தவித்ததை நாடே பார்த்தது.

4. முதுமையும் உடலும்

வயதாக ஆக உடல் தன் வெப்பத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் திறன் குறைகிறது. வியர்வை குறைவாகச் சுரக்கிறது. தாகமும் சரியாகத் தெரிவதில்லை. ஆகவே கடும் வெயில் முதியோருக்கு ஆபத்து. அதே காரணத்தால் கடும் குளிரும் ஆபத்துதான். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது. மூட்டு வலிக்காரர்களுக்கு விறைப்பு கூடுகிறது. நாட்பட்ட இருமல், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குக் குளிரும் ஈரமும் சேர்ந்தால் தொல்லை.

இன்னொன்று, ஏழாயிரம் அடி உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நல்ல உடல்நலம் உள்ளவருக்கு இது சில நாளில் பழகிவிடும். இதய பலவீனமோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் உயர்ந்த மலையில் வீடு பார்க்கக் கூடாது. மேலும், மலையூர்களில் கடைக்குப் போவதும் கோயிலுக்குப் போவதும் ஏற்ற இறக்கம்தான். அறுபதில் அது உடற்பயிற்சி. எண்பதில் அதுவே வீட்டுச் சிறை ஆகலாம்.

5. மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம்?

மருத்துவமனையின் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காமல் நிமிடத்தில் கேளுங்கள். மாரடைப்பு வந்தவருக்கு அடைப்பை நீக்கும் சிகிச்சை முதல் இரண்டு மணி நேரத்திற்குள் கிடைத்தால் பலன் மிகுதி. பக்கவாதத்திற்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். அதற்குமுன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

கோத்தகிரியிலிருந்து கோவைக்கு எழுபது கிலோமீட்டர்தான். ஆனால் மலைப்பாதையில், இரவில், மூடுபனியில் எவ்வளவு நேரமாகும்? வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், அதன்பிறகுதான் பொள்ளாச்சி. ஏற்காட்டிலிருந்து சேலம் முப்பது கிலோமீட்டர், வளைவுகள் இருபது. மாறாக, பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு நாற்பது கிலோமீட்டரும், தென்காசியிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்குச் சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டரும் சமதரைச் சாலை. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரிக்கென்று பெரிய மருத்துவமனை 2025இல் திறக்கப்பட்டது நீலகிரிவாசிகளுக்குப் பெரிய ஆறுதல். இருந்தாலும் நாம் வாங்க நினைக்கும் வீட்டு வாசல் வரை 108 வண்டி வருமா என்று பார்க்க வேண்டும். படிக்கட்டு வழியாக மட்டும் போகக்கூடிய வீடுகள் மலையில் ஏராளம்.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. சி.ஜி.எச்.எஸ். மருந்தகம் பெரிய நகரங்களில்தான் உண்டு. அது இல்லாத ஊரில் குடியேறுவோர் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு நிலையான மருத்துவப் படி பெற்றுக்கொண்டு, உள்நோயாளிச் சிகிச்சைக்குச் சி.ஜி.எச்.எஸ். அட்டையை வைத்துக்கொள்ளும் வழி உண்டு. அந்தப் படி 2017 சூலை முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் சேர்ந்தவருக்கு அது போதுமா என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஓய்வூதியம் பெறுவதில் சிக்கல் இல்லை. 2014 முதல் நடைமுறையில் உள்ள 'ஜீவன் பிரமாண்' முறையில் உயிர்வாழ் சான்றிதழை எந்த ஊரிலிருந்தும் கொடுத்துவிடலாம்.

6. நிலமும் சட்டமும்

இமாசலப் பிரதேசத்தில், 1972ஆம் ஆண்டு குத்தகை மற்றும் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118ஆம் பிரிவின்படி, அம்மாநில விவசாயி அல்லாதவர் அரசு அனுமதியின்றி நிலம் வாங்க முடியாது. உத்தராகண்டிலும் வெளியார் நிலம் வாங்கக் கட்டுப்பாடுகள் உண்டு. 2025இல் அவை மேலும் கடுமையாக்கப்பட்டன. 'தெரிந்தவர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம்' என்று தரகர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுவது நல்லது.

தமிழ்நாட்டு மலைப்பகுதிகளிலும் மனை, கட்டடம் ஆகியவற்றுக்குச் சமவெளியில் இல்லாத விதிகள் உள்ளன. கூடலூர்ப் பகுதியில் 1969ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்கள் பல காலமாக வழக்கில் உள்ளன. உள்ளூர்க்காரர்கள் 'செக்‌ஷன் 17 நிலம்' என்றே சொல்வார்கள். சமவெளியிலும் பஞ்சமி நிலமா, நீர்நிலைப் புறம்போக்கா என்று விசாரிக்க வேண்டும். தாய்ப் பத்திரம், பட்டா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

7. பேச்சுத் துணை

தட்பவெப்பத்தைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விகாரிலும் வாழ்ந்தவர்களுக்குத் தமிழ்ச் சங்க நூலகம், மலை மந்திர், ஐயப்ப பூஜை, கச்சேரி, எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் என்று ஓர் உலகம் அமைந்திருக்கிறது. ஊர் மாறும்போது அந்த உலகம் கூட வராது. "சொந்த மொழி பேசும் ஊர்தானே" என்று நினைப்போம். ஆனால் நாம் விட்டு வந்த ஊரில் நம் வயதுக்காரர்கள் பலர் இப்போது இல்லை. இருப்பவர்களுக்கு நாம் 'தில்லிக்காரர்'.

மலையூர்களில் இதற்கு மேலும் ஒரு சிக்கல். அழகான குடியிருப்பில் இருபது வீடுகள் இருக்கும். அவற்றில் பல, ஆண்டுக்கு இரண்டு வாரம் வந்து போகும் விடுமுறை வீடுகள். மே மாதத்தில் விளக்கெரியும் தெரு நவம்பரில் பூட்டிக் கிடக்கும். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வாகனங்கள் இ-பாஸ் பெற்றே வர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பருவகால நெரிசல் எந்த அளவுக்குப் போயிருந்தது என்பதற்கு அதுவே சான்று. மேயில் கூட்டம், நவம்பரில் வெறுமை என்ற இந்த இரண்டுக்கும் நடுவே வாழ வேண்டியவர் அங்கேயே நிலையாகத் தங்கும் முதியவர்.

கணவருக்குச் செய்தித்தாளும் நடைப்பயிற்சியும் போதுமானதாக இருக்கலாம். மனைவிக்கு? வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்குமா, கோயிலுக்கு ஆட்டோ கிடைக்குமா, அவசரத்திற்குக் கதவைத் தட்ட ஒரு வீடு உண்டா? பெரும்பாலும் மனைவியே வயதில் இளையவர். தனியே எஞ்சி இருக்க நேர்பவரும் அவரே. ஆகவே ஊரைத் தேர்ந்தெடுப்பதில் அவருடைய வாக்குக்கு இரு மடங்கு மதிப்பு தரலாம்.

8. ஒப்பிட்டுப் பார்த்தால்

மேலே கண்டவற்றைத் தொகுத்தால் ஊர்கள் மூன்று வகையாகின்றன. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலையூர்கள் முதல் வகை. இவை உடல்நலம் நன்றாக உள்ள, குளிரை விரும்பும் தம்பதியருக்கு எழுபது வயது வரை ஏற்றவை. இரண்டாவது வகை டேராடூன், பாலம்பூர் போன்ற இமயமலை அடிவாரமும் பள்ளத்தாக்கும். பிள்ளைகள் தில்லியிலேயே இருந்தால் இவை வசதி. ஆனால் டேராடூனில் மே, ஜூனில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. பாலம்பூர் அமைந்த காங்க்ரா பள்ளத்தாக்கு 1905 ஏப்ரலில் பெரும் நிலநடுக்கத்தைக் கண்டது. மூன்றாவது வகை பொள்ளாச்சி, தென்காசி போன்ற மேற்குத் தொடர்ச்சி மலை அடிவார ஊர்கள். இவற்றில் குளிர்ச்சி குறைவு; ஆனால் கடுமையும் குறைவு. சாலை சமதளம், மருத்துவமனை அருகில், ரயில் உண்டு, அக்கம்பக்கம் ஆண்டு முழுவதும் குடியிருக்கும் குடும்பங்கள்.

பெரும்பாலான நம் குடும்பங்களுக்கு மூன்றாவது வகையே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் முடிவு. ஏப்ரல், மே மாதங்களில் குன்னூரிலோ ஏற்காட்டிலோ ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கிவிட்டு இறங்கிவிடலாம். மலையை விருந்தாளியாக அனுபவிக்கலாம். முதுமையை அடிவாரத்தில் கழிக்கலாம்.

9. வாங்குமுன் வாடகை

எந்த ஊரானாலும் உடனே வீடு வாங்க வேண்டாம். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கோ, சில ஊர்களில் வழக்கமுள்ள ஒத்திக்கோ ஒரு வீட்டை எடுத்து, ஆறு பொழுதும் அங்கே இருந்து பாருங்கள். தில்லி வீட்டை அதுவரை விற்காமல் வாடகைக்கு விடுங்கள். விற்றேயாக வேண்டும் என்றாலும் அவசரமில்லை. விற்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால், அல்லது மூன்று ஆண்டுக்குள் கட்டினால், மூலதன ஆதாய வரியில் விலக்குப் பெற வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. விவரங்களைத் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்க.

பயிற்சி

கீழ்க்கண்ட கேள்விகளுக்குக் கணவனும் மனைவியும் தனித்தனித் தாளில் விடை எழுதவும். எழுதி முடிக்கும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்க வேண்டாம்.

1. இந்த ஊரின் மிகக் கடினமான மாதம் எது? அந்த மாதத்தில் நான் அங்கே தங்கியிருக்கிறேனா?
2. எனக்குள்ள நோய்களில் வெயிலால் கூடுவது எது, குளிரால் கூடுவது எது?
3. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் இதய சிகிச்சை மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம்?
4. கோடையில் குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வரும்?
5. வீட்டிலிருந்து மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் ஏற்றம் இறக்கம் இல்லாமல் நடந்து போக முடியுமா?
6. பிள்ளைகள் ஒரே நாளில் வந்து சேர முடியுமா?
7. அக்கம்பக்கத்து வீடுகளில் ஆண்டு முழுவதும் ஆள் இருக்கிறார்களா?
8. நான் மட்டும் தனியே இருக்க நேர்ந்தால், இந்த ஊரில் இருப்பேனா?

பிறகு இரண்டு தாள்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏழு விடைகள் ஒத்துப்போய் எட்டாவது மட்டும் வேறுபட்டால், அந்த ஊரை விட்டுவிட்டு வேறு ஊர் பாருங்கள்.